சில வாரங்களில் ஒரு சாண்டோ ஆகலாமா?



சென்ற ஆண்டு விளையாட்டு விழாவிற்கு முந்தைய வாரம், காலை அணிவகுப்புப் பயிற்சியின்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். வேப்பமர நிழலில் படுக்க வைத்து, சற்றுத் தெளிந்ததும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை, டீச்சர்" என்றாள். முந்திய இரவும் ஒன்றுமில்லை. மூன்று வாரங்களாக அவளுடைய சாப்பாட்டு டப்பா தோழியருக்கே போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

காரணத்தை மெல்ல மெல்லச் சொன்னாள். அம்மாவின் அலைபேசியில் ஒரு பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள். அதில் தன் வயதையொத்த ஒரு பள்ளிப் பிள்ளை, சில வாரங்களுக்குள் உடல் முழுவதும் மாறி, உடற்கட்டுப் போட்டி மேடையில் ஏறி நிற்கிறதாம். "அந்தப் பிள்ளையால் முடிந்தது என்னால் ஏன் முடியாது, டீச்சர்?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அன்று மைதானத்தில் நின்று விடை சொல்ல இயலவில்லை. உங்களில் பலர் மனத்திலும் இதே கேள்வி இருக்கக் கூடும் என்பதால், அவளுடைய அனுமதியுடன், பெயரைச் சொல்லாமல், அதற்குரிய விடையை இங்கே எழுதுகிறேன்.

நிகழ்ச்சியின் வரலாறு

அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. இரவும் பகலும் பாட்டுப் படங்களைக் காட்டுவதே அதன் வேலையாக இருந்தது. நாளடைவில் நடிகர்கள் இல்லாமல் சாதாரண மக்களையே படம் பிடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளில் அது இறங்கியது. இவ்வகைக்கு முன்னோடி 1973-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த 'ஓர் அமெரிக்கக் குடும்பம்' என்னும் 12 பகுதித் தொடர். ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை, அதன் பிளவு உட்பட, நாடே உட்கார்ந்து பார்த்தது. 1992-இல் எம்.டி.வி. 'ரியல் வேர்ல்டு' என்ற தொடரைத் தொடங்கியது. 2002-இல் 'மேட்' வந்தது. 'உருவாக்கப்பட்டவர்' என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம்.

'மேட்' நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. ஒரு பதின்வயதுப் பிள்ளை தன் ஆசையைக் கூறும். ஒருவருக்குப் பாடகராக ஆசை. ஒருவருக்கு நடனக்காரியாக ஆசை. மற்றொருவருக்கு உடற்கட்டுப் போட்டியில் ஏற ஆசை. அதற்கென ஒரு பயிற்சியாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். பிறகு கடும் பயிற்சி, கண்ணீர், 'நான் விட்டுவிடுகிறேன்' என்னும் கட்டம், மனமாற்றம், இறுதியில் மேடை. எல்லாம் ஒரே அமர்வில் பார்த்து முடிக்கக் கூடியவை. பத்தாண்டுகளுக்கு மேல் ஓடி நின்றுபோன இந்நிகழ்ச்சியின் துண்டுகள் இன்றும் அலைபேசிகளில் உலவுகின்றன.

இதில் நல்லது எதுவும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, பிறர் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் ஒரு கடினமான காரியத்தில் இறங்குவதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. பிழை எங்கே என்றால், காலக் கணக்கில்.

சாண்டோ யார்?

நம் வீட்டில் அப்பாவும் அண்ணனும் அணியும் கையில்லாத பனியனைச் 'சாண்டோ பனியன்' என்கிறோம். 'சாண்டோ' சின்னப்பா தேவர் என்ற திரைப்படத் தயாரிப்பாளரின் பெயரையும் பெரியவர்கள் அறிவார்கள். தேகப்பயிற்சியால் அவருக்குக் கிடைத்த பட்டம் அது. இந்தச் சாண்டோ யார்?

யூஜின் சாண்டோ 1867-இல் அன்றைய பிரஷ்யா நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளின் அளவுகளைப்போல் தம் உடலை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய இலட்சியம். பாரம் தூக்கிக் காட்டி ஊர் ஊராகப் புகழ் பெற்ற அவர், மக்கள் தாம் தூக்கும் எடையைவிடத் தம் தசைகளையே வியந்து பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். உடற்கட்டு என்னும் தனிக்கலை அங்கே பிறந்தது எனலாம். 1904-1905 காலத்தில் அவர் இந்தியாவிற்கும் வந்து தம் திறமையைக் காட்டினார். பனியனுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய பெரும் போட்டியே உடற்கட்டுப் போட்டிகளுக்கெல்லாம் தாய். சாண்டோவுடன் சிற்பி சார்லஸ் லாஸும், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலும் நடுவர்களாக அமர்ந்தனர். மாணவியர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இப்போட்டி 1898-இலேயே அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் போட்டி நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுத்து இறுதிப் போட்டிக்கு வர 3 ஆண்டுகள் ஆயின. மற்றொன்று, பெரிய தசை உடையவனுக்குப் பரிசு என்று சாண்டோ கூறவில்லை. உடலின் சீரான அமைப்பு, தோலின் நிலை, பொதுவான ஆரோக்கியம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் செய்தார்.

பிற்காலத்தில் ஆடவருக்கான 'மிஸ்டர் ஒலிம்பியா' போட்டி 1965-இலும், மகளிருக்கான 'மிஸ் ஒலிம்பியா' 1980-இலும் தொடங்கின. நம் நாட்டில் வங்காளத்தைச் சேர்ந்த மனோகர் ஐச், 5 அடிக்கும் குறைந்த உயரமுடையவர், 1952-இல் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் பெற்றார். வெள்ளையர் ஆட்சியில் சிறையில் இருந்த காலத்தில் பயிற்சியை வளர்த்துக்கொண்டவர் அவர். 2016-இல் 100 வயதைக் கடந்து இறந்தார். அவர் உடலைச் செதுக்கியது ஆண்டுக்கணக்கான உழைப்பு.

தசை வளரும் விதம்

இப்போது அறிவியல் பாடத்திற்கு வருவோம். நம் எலும்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு தசையும் நூல்கற்றையைப்போல் மெல்லிய தசை இழைகளால் ஆனது. அவ்விழைகளுக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால் தசை சுருங்குகிறது.

வழக்கத்தைவிடச் சற்று அதிகமான பாரத்தைத் தூக்கும்போது தசை இழைகளுக்கு இழுவிசை ஏற்படுகிறது. அதை ஓர் அறிவிப்பாக உடல் ஏற்றுக்கொண்டு, பின்னர் ஓய்வு நேரத்தில் புதிய புரதத்தைச் சேர்த்து அந்த இழைகளைத் தடிக்கச் செய்கிறது. ஆகவே தசை வளருவது பாரம் தூக்கும்போது அன்று; உண்ட உணவு உடலில் சேரும்போதும், இரவு ஆழ்ந்து உறங்கும்போதும்தான். உழைப்பு, உணவு, உறக்கம் என்னும் மூன்று கால்களில் ஒன்று ஒடிந்தாலும் முக்காலி கவிழ்ந்துவிடும். நம் மாணவி முதல் காலை வைத்துக்கொண்டு இரண்டாம் காலை வெட்டிவிட்டாள்.

இன்னொரு செய்தி. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் விரைவாகக் கூடுகிறது. நேற்று தூக்க முடியாததை இன்று தூக்க முடிகிறது. ஆனால் இது தசை பெருத்ததால் அன்று. மூளையும் நரம்புகளும் இருக்கிற தசை இழைகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி பிறகுதான் வருகிறது, அதுவும் மெதுவாக. நன்றாக உண்டு முறையாகப் பயிற்சி செய்பவருக்கு மாதத்திற்கு ஒரு கிலோ தசை கூடினாலே அது நல்ல முன்னேற்றம். அப்படியானால் சில வாரங்களில் நிகழ்வது என்ன? பெரும்பகுதி கொழுப்பு குறைவதும், நீர் குறைவதும், விளக்கொளியும்தான்.

பண்டைக் கிரேக்க நாட்டில் குரோட்டன் நகரத்து மைலோ என்ற மல்லன் இருந்தான். ஒலிம்பிக் மற்போரில் 6 முறை வென்றவன். அவன் சிறுவயதில் ஒரு கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிச் சுமந்தான் என்றும், நாள்தோறும் விடாமல் சுமந்துவந்ததால் கன்று காளையான பின்பும் அவனால் தூக்க முடிந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை கதையாகவே இருக்கட்டும். பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்னும் பயிற்சி விதி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. கன்று ஒரே மாதத்தில் காளையாவதில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேமரா காட்டாதவை

உடற்கட்டுப் போட்டியும் பளு தூக்கும் போட்டியும் ஒன்றல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அங்கே எடைதான் பேசும். உடற்கட்டு மேடையில் ஒரு கிலோவும் தூக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட நிலைகளில் நின்று, கைத்தசை, மார்பு, முதுகு, வயிறு, தொடை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். அளவு, சமச்சீர், தசைகளின் தெளிவு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே நடுவர்கள் தீர்ப்பளிப்பர். அதனால்தான் உடம்பில் கருஞ்சாயம் பூசுவதும் எண்ணெய் தடவுவதும். பலமான விளக்கொளியில் தசை வரிகள் நன்கு தெரிய வேண்டுமல்லவா?

போட்டிக்கு முந்தைய நாட்களில் பலர் உணவைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். தோலுக்கடியில் நீர் வற்றினால் வரிகள் ஆழமாகத் தெரியும் என்பது எண்ணம். இது விளையாட்டன்று. முகமது பெனாசிசா என்ற புகழ்பெற்ற வீரர் 1992-இல் ஹாலந்தில் ஒரு போட்டியில் கலந்துகொண்டபின் இதயம் நின்று இறந்தார். உடலில் நீர் வற்றியதே காரணமாகக் கூறப்பட்டது. மேடையில் மிக வலிமையுள்ளவராகத் தோன்றும் அந்த நேரமே, பலருக்கு உடல் மிகவும் நலிந்திருக்கும் நேரம். கேமரா புன்னகையைக் காட்டுகிறது, தலைசுற்றலைக் காட்டுவதில்லை.

நிகழ்ச்சி முடிந்தபின் நடப்பதையும் கேமரா காட்டுவதில்லை. அமெரிக்காவில் 'பிகஸ்ட் லூசர்' என்ற எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி 2004-இல் தொடங்கியது. அதில் 2009-இல் பங்கேற்றவர்களில் 14 பேரை 6 ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள், சராசரியாக 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட வருந்தத்தக்கது, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி, அவர்களுடைய உடலளவிற்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே இருந்தது. பட்டினியை உடல் பஞ்சம் என்றே புரிந்துகொள்கிறது. பஞ்சத்தில் சிக்கனமாக இருக்கப் பழகிய குடும்பம்போல, பின்னும் அது செலவைக் குறைத்துக்கொள்கிறது.

குறுக்கு வழியின் விலை

விரைவில் பலன் வேண்டும் என்ற ஆசையே மருந்துக் கடைக்கு வழி காட்டுகிறது. ஆண்மைச் சுரப்புப் பொருளான டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது. அதைப்போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தசையைப் பெருக்கும் என்பது தெரிந்ததும், விளையாட்டு உலகில் புகுந்துவிட்டன. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவற்றிற்கு முதன்முறையாகச் சோதனை நடந்தது.

மருத்துவர் தக்க நோய்க்குத் தருவது வேறு. வளரும் பிள்ளைகள் தசைக்காக உட்கொண்டால், எலும்பின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் காலத்திற்கு முன்பே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடக் கூடும். கல்லீரலும் இதயமும் கெடும். பெண்களுக்குக் குரல் தடிக்கும், முகத்தில் உரோமம் வளரும். மருந்தை நிறுத்தினாலும் குரல் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். உங்கள் தம்பி, அண்ணன்மார் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்பவர்களாயின் இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பீஜித் தீவின் பாடம்

பசிபிக் கடலிலுள்ள பீஜித் தீவுகளின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. நன்கு உண்டு வளர்ந்த, வலுவான உடலை மதிக்கும் மக்கள் அவர்கள். ஆன் பெக்கர் என்னும் ஆராய்ச்சியாளரின் குழு, தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலும், பின்னர் 1998-லும் பள்ளி மாணவியரிடம் ஒரே வினாக்களைக் கேட்டது. உணவைப் பற்றிய கவலை மிகுந்திருந்த மாணவியர் முதலில் 100-க்கு ஏறத்தாழ 13 பேர்; மூன்றாண்டுகளில் 29 பேர். எடை குறைய வேண்டி உண்டதைத் தாமே வாந்தியெடுத்தவர் முதலில் ஒருவரும் இல்லை. பின்னர் 100-க்கு 11 பேர். தொலைக்காட்சி நாயகியரைப்போல் ஆக வேண்டும் என்று பலர் கூறினார்கள்.

அந்தப் பிள்ளைகளுடைய உடல் மூன்றாண்டுகளில் கெட்டுப்போகவில்லை. தம் உடலைப் பார்க்கும் பார்வைதான் மாறிற்று. இது மெலிய விரும்பும் பெண்களுக்கு மட்டும் உரிய துன்பமன்று. எவ்வளவு தசை இருந்தாலும் 'நான் ஒல்லி' என்றே எண்ணி வருந்தும் இளைஞர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1990-களில் எழுதியிருக்கிறார்கள். மெலிய வேண்டும் என்ற ஏக்கமும் பெருக்க வேண்டும் என்ற ஏக்கமும் ஒரே கண்ணாடியின் முன் நிற்கும் இரண்டு பிள்ளைகள்.

நாம் செய்யத்தக்கவை

அப்படியானால் பெண் பிள்ளைகள் பாரம் தூக்கவே கூடாதா? தாராளமாகத் தூக்கலாம். பாரம் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது தவறான எண்ணம். தகுந்தவர் மேற்பார்வையில், முறையான நிலையில், குறைந்த பாரத்தில் தொடங்கினால் பிள்ளைகளுக்கு நன்மையே என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். 'ஆண்பிள்ளைபோல் ஆகிவிடுவாள்' என்று தாய்மார் அஞ்சவும் வேண்டாம். பெண்ணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆணின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அறிவுரை. பெண்களின் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 விழுக்காடு, 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வங்கியில் பிற்காலத்தில் பணம் கட்டுவது கடினம். கயிறு தாண்டுதல், ஓட்டம், கபடி, தண்டால், தண்ணீர்க் குடம் சுமத்தல் எல்லாம் அதில் கட்டும் பணமே.

உணவைப் பொறுத்தவரை டப்பாவில் வரும் மாவு தேவையில்லை. இட்லி சாம்பார், சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர், வேர்க்கடலை, கீரை ஆகியவை முறையாகக் கிடைத்தாலே போதும். எல்லாவற்றிற்கும் மேலாகக் காலை உணவை விடாதீர்கள். இரவில் அலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உறங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 'குண்டாகிவிட்டாய்', 'குச்சிபோல் இருக்கிறாய்' என்று விருந்தினர் முன் விளையாட்டாகச் சொல்லும் சொல் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடுகிறது. நம் மாணவி சாப்பாட்டை விட்டதற்கு அலைபேசி ஒன்றே காரணமன்று. ஒரு கல்யாண வீட்டில் கேட்ட சிரிப்பும் காரணம் என்று பின்னர் என்னிடம் கூறினாள்.

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். உடலைப் பேணுவது வேறு. பிறர் கைதட்டுவதற்காக அதை வருத்துவது வேறு. முயற்சி செய்த அந்த அமெரிக்கப் பிள்ளைகளைப் பழிக்க வேண்டாம். ஆனால் ஆண்டுக்கணக்கான வேலையை ஒரு மணி நேரத்தில் சுருட்டிக் காட்டுவோரிடம் நம் காலக் கணக்கை ஒப்படைக்கவும் வேண்டாம்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். வாரம் மூன்று மாலைகள் மைதானத்திற்கு வருகிறாள். இவ்வாண்டு குண்டு எறிதலில் மூன்றாம் இடம் பெற்றாள். பரிசு வாங்கிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து, "டீச்சர், கன்றுக்குட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது" என்றாள். அன்று மதியம் தன் டப்பாவைத் தானே காலி செய்துவிட்டு, தோழியின் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தையும் பங்கு கேட்டாள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தசை வளருவதற்குத் தேவையான மூன்று யாவை? அவற்றுள் உங்கள் அன்றாட வாழ்வில் குறைவது எது?

2. பளு தூக்கும் போட்டிக்கும் உடற்கட்டுப் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

3. பயிற்சியின் முதல் வாரங்களில் தசை பெருக்காமலே பலம் கூடுவது எவ்வாறு?

4. பீஜித் தீவில் மாறியது உடலா, பார்வையா? உங்கள் விடைக்குக் காரணம் தருக.

5. நீங்கள் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் காட்டப்படாமல் விடப்பட்டவை எவையாக இருக்கலாம் என்று வீட்டாருடன் கலந்து பேசி ஒரு பக்கத்தில் எழுதுக.